நிக்: ஒருவனைக் கூரையிலிருந்து இறக்கிய சொல்

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து கிளம்பியது. இரண்டே எழுத்து: நிக். அதை நான் தப்பாகக் காதில் வாங்கி, அதைவிடத் தப்பாக வாயால் திருப்பிக் கொடுத்ததில், ஒரு மனிதனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. நடந்தது சென்ற செவ்வாய்க்கிழமை. இன்று சனிக்கிழமை. இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. எழுதியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் வரிக்கு இதுவரை செய்த முயற்சிகள்:

மேற்கு யார்க்ஷரின் மலைச்சரிவில் மழை பெய்து (விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் மழையில் தொடங்கும் கதைக்கு முடிவே வராது.)

கிரிக்கெட் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம், ஏனென்றால் (விட்டுவிட்டேன். தமிழில் படிக்கிறவர்களிடம் சொல்கிற பேச்சா இது!)

கார்த் சக்டன் ஒரு திருடன்

இந்த மூன்றாவதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன். முற்றுப்புள்ளி வைக்கவில்லை, கவனியுங்கள். ஊரில் பாதிப் பேர் அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். நானும் ஒரு நொடி வைத்தேன். அந்த ஒரு நொடிதான் கதை.

2

நான் முப்பத்தொரு வருடமாக யார்க்ஷர் ஊரான இந்தக் கிரிம்ஷாவின் வாசி. வார நாட்களில் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். கோடைச் சனிக்கிழமைகளில் எங்கள் கிளப் ஆடும் ஆட்டங்களுக்கு அம்பயர். சம்பந்தமூர்த்தி என்ற பெயரை வந்த இரண்டாம் வாரமே ‘சாம்’ ஆக்கிவிட்டார்கள். இவர்கள் சொற்களைச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைப்பவர்கள். நாம் ஒரு வாக்கியத்தில் சொல்வதை ஓர் அசையில் முடித்துவிட்டு, மீதியைப் புருவத்துக்கு விட்டுவிடுவார்கள்.

‘நிக்’ எனக்கு அறிமுகமானது பஸ்ஸில். முன்சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“எவனோ என் சைக்கிள நிக் பண்ணிட்டான்ப்பா. போலீஸ் அவன நிக் பண்ணி, நிக்குல வெச்சிருக்கு. பரவால்ல, சைக்கிள் நல்ல நிக்குலதான் இருக்கு.”

சத்தியமாக அப்படியேதான் சொன்னார். நான் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். திருட்டு, கைது, போலீஸ் ஸ்டேஷன், பொருளின் நிலைமை. நாலுக்கும் ஒரே சொல், நடுவில் மூச்சுகூட வாங்கவில்லை. யார் எதை எதன்மேல் செய்தார்கள் என்பது கேட்கிறவன் பொறுப்பு.

(கிரிக்கெட்டில் இதற்கு ஐந்தாவது அர்த்தம் உண்டு. பந்து மட்டையின் ஓரத்தில் உரசிப் போவது. நம் ஊரில் எட்ஜ் என்போம். ஆறாவதும் உண்டு: தோற்கவேண்டிய ஆட்டத்தை மயிரிழையில் ஜெயிப்பது. ஐந்தும் ஆறும்தான் எங்கள் கிளப் விவகாரத்துக்குள் போலீஸைக் கூட்டிவந்தன.)

3

இப்போது கார்த். நாற்பத்தோரு வயது. ஓடு, பலகைக்கல், ஈயத்தகடு என்று கூரை வேலை எதுவானாலும் செய்வான். இரண்டு வருடத்துக்கு முன் தொழில் படுத்தபோது, எங்கள் ஊர்த் தேவாலயக் கூரையிலிருந்தே ஈயத்தகட்டைச் சுருட்டிக்கொண்டு போய் விற்றான். மாட்டிக்கொண்டான். பதினாலு மாதத் தண்டனை. ஏழு மாதம் உள்ளே. மீதி ஏழு மாதம் வெளியே, நன்னடத்தை நிபந்தனையில். ஆகஸ்ட் கடைசியோடு அது முடிகிறது. அதற்குள் ஒரு புகார் ஒட்டிக்கொண்டாலும் மறுபடி உள்ளே.

வெளியே வந்ததும் அவன் முதலில் போனது அதே தேவாலயத்துக்கு. “நான் ஓட்டை போட்ட கூரைய நானே அடைக்கிறேன்” என்றானாம். அங்கே பாதிரியாராக இருக்கும் அம்மாள் ஏணியைக் காட்டினாராம். (இந்தப் பாத்திரத்தை நம்ப முடிகிறதா? எழுதும்போது எனக்கே கொஞ்சம் சந்தேகம். திருந்திய திருடன், திருடிய இடத்திலேயே வேலை. கற்பனையில் இப்படி ஒருவனை வைத்திருந்தால் நானே வெட்டியிருப்பேன். உண்மையில் இருக்கிறானே, என்ன செய்வது? இதை எழுதும் மேசையிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவன் போட்ட புதுக் கற்கள் தெரிகின்றன. பழையதைவிட ஒரு நிறம் கருப்பாக.)

கிளப்பிலும் அவனைச் சேர்த்துக்கொண்டோம். சேர்த்தது பெரில் ஆக்ராய்ட். கிளப் செயலாளர், எழுபத்தாறு வயது, முன்னாள் பள்ளிக்கூடச் சமையல்காரம்மா. தலைவர் கிளைவ் முணுமுணுத்ததற்கு அவர் சொன்ன பதில்: “அவன் கூரையத்தான எடுத்தான் கண்ணு, நம்மகிட்ட கூரையே தகரம். வரட்டும்.”

4

ஆட்டம். இதை எழுதத்தான் கை துடிக்கிறது.

போன சனிக்கிழமை, கப் அரையிறுதி. எதிரி, ஆற்றுக்கு அக்கரை ஊரான அப்பர் டென்லி. கடைசி ஓவர். எங்களுக்கு இன்னும் மூன்று ரன், கையில் ஒரே விக்கெட். மட்டையோடு நிற்பது கார்த், அறுபத்தெட்டு ரன்னில். பந்துவீசுகிறவர் பக்கம் அம்பயராக நான்.

இரண்டாவது பந்து வேகமாக வந்து, விழுந்து, வெளியே திரும்பியது. கார்த் மட்டையை நீட்டினான். ‘டொக்’.

கீப்பர் பிடித்தார். பதினோரு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்கள். “நிக் பண்ணிட்டான் அம்பயர்! நிக் பண்ணிட்டான்!”

கார்த் அசையவில்லை. மட்டையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது மட்டை பந்தில் பட்ட சத்தமா, தரையில் இடித்த சத்தமா? காற்று வேறு. எனக்குக் கேட்டது

எனக்குக் கேட்டது மரத்தில் தோல் பட்ட சத்தம் என்றுதான்

(இரண்டு முறை எழுதியும் வாக்கியம் முடியவில்லை. அன்றும் முடியவில்லை.)

தலையை ஆட்டினேன். “நாட் அவுட்.”

அடுத்த பந்தை அவன் கவர் பக்கம் அடித்தான் பாருங்கள்! புல்லைக் கிழித்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டி, பெரிலின் டீ மேசைக் காலில் மோதி நின்றது. அரையிறுதி எங்களுக்கு. பெரில் ஸ்கோர் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு நடனமாடினார். நான் அம்பயர் கோட்டைக் கழற்றி மடித்து, யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

5

(கட்டுரை மாதிரி ஒரு பக்கம். கதை மட்டும் போதும் என்பவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டாதீர்கள், இது எனக்கு அவ்வளவு சந்தோஷம்!)

‘நிக்’குக்குத் தமிழில் ஈடான சொல் கிடையாது என்றுதான் முப்பத்தொரு வருடமும் நினைத்திருந்தேன். ‘சுட்டான்’ என்று போட்டால் திருட்டு வருகிறது, பந்து வரவில்லை. ‘உரசினான்’ என்றால் பந்து வருகிறது, திருட்டு ஓடிவிடுகிறது. புதன்கிழமை காலை பல் தேய்க்கும்போது வந்தது: தட்டினான்!

பந்தைத் தட்டினான். பணப்பையைத் தட்டிக்கொண்டு போனான். எல்லாவற்றுக்கும் மேல், நம் தினசரிகள் ஆண்டுக்கு ஐந்நூறு முறை அச்சடிக்கும் அந்த வரி: கோப்பையைத் தட்டிச் சென்றார். ஜெயித்தவரைத்தான் அப்படிச் சொல்வோம், திருடியவரை அல்ல! வாயில் நுரையோடு கண்ணாடி முன் குதித்தேன்.

இவ்வளவும் கிரிம்ஷாவில் தமிழிலேயே நடந்திருந்தால், பெரில் அனுப்பிய செய்தியைப் படித்து யாரும் போலீஸைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கைதட்டியிருப்பார்கள்.

எந்தச் செய்தி என்கிறீர்களா? சொல்கிறேன்.

6

கிளைவ் மர்கட்ராய்ட் ஆட்டத்தன்று ஊரில் இல்லை. மனைவியோடு ஸ்பெயினில் வெயில் காய்ந்துவிட்டுத் திங்கட்கிழமைதான் திரும்பினார். நேராகக் கிளப்புக்குப் போய் அலமாரியைத் திறந்தார். போன வருடம் ஜெயித்து வந்த வெள்ளிக் கோப்பையைக் காணோம். பெரிலுக்குச் செய்தி தட்டினார்: “கப் என்ன ஆச்சு?”

பெரில் அப்போது கடலோர ஊரான விட்பியில் தங்கை வீட்டில். கப் என்றால் அவருக்கு ஆட்டம். ஒற்றை விரலால் பதில் அனுப்பினார்: “கார்த் நிக் பண்ணிட்டான்!!!” மூன்று ஆச்சரியக்குறி. மயிரிழையில் ஜெயித்துக் கொடுத்துவிட்டான் என்ற பூரிப்பு. அனுப்பிவிட்டுப் போனைக் கைப்பையில் போட்டு மூடிவிட்டார்.

கிளைவுக்குக் கப் என்றால் வெள்ளி. அந்த மூன்று ஆச்சரியக்குறியும் அவருக்கு அதிர்ச்சியாகத் தெரிந்தன.

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. ஊர்க் காவலர் லோர்னா பிக்கிள்ஸ்.

“சாம், ஒரே ஒரு கேள்வி. சனிக்கிழமை நீங்க அங்க இருந்தீங்கள்ல? பெரில் சொன்னாங்கன்னு கிளைவ் சொல்றார். கார்த் நிக் பண்ணினானா?”

மூன்று நாளாக நெஞ்சில் கல்லோடு திரிந்தவன் நான். போலீஸ்வரை போய்விட்டதா இந்த விஷயம் என்று ஒரு கணம் திகைத்தேன். பிறகு எல்லாம் கொட்டிவிட்டது.

“பண்ணினான் லோர்னா.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாக்கல. சத்தம் கேட்டுச்சு. டொக்குனு.”

“எவ்வளவு தூரத்துல இருந்தீங்க?”

“இருபது கெஜம் இருக்கும். நேரா எதிர்ல.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“தைரியம் வரல. எல்லாரும் என்னையே பாத்துட்டு நின்னாங்க.”

“எல்லாருக்கும் தெரியுமா இது?”

“கத்தினாங்களேம்மா! நான்தான் தலைய ஆட்டி விட்டுட்டேன்.”

அந்தப் பக்கம் பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது. “சொன்னதுக்கு நன்றி சாம். கஷ்டமாத்தான் இருந்திருக்கும்.”

“சொன்னப்புறம் லேசா இருக்கு” என்றேன்.

லேசாக இருந்ததாம்! இந்த வரியை எழுதும்போது காது சிவக்கிறது.

7

பதினோரு மணிக்குக் கறிக்கடைக்குப் போனேன். பன்றியிறைச்சிப் பணியாரம் வாங்க.*

*இங்கே இதைப் ‘பை’ என்பார்கள். பணியாரம் என்று எழுதியதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆசை, அவ்வளவுதான்.

கடைக்கு எதிரில்தான் தேவாலயம். வாசலில் போலீஸ் கார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரைமேல் கார்த், கையில் சுத்தியல். கீழே லோர்னா.

“கார்த், இறங்கி வாங்க.”

“டீக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கே லோர்னா!”

“டீக்கு இல்ல.”

என் பக்கத்தில் கறிக்கடைக்காரர் முனகினார்: “மறுபடியும் ஈயமா? நாய் வால நிமித்த முடியுமா?” யாரோ சிரித்தார்கள்.

கார்த் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினான். அவசரமே இல்லை. இறங்கி நின்று கேட்டான்:

“என்னத்துக்கு?”

“கிளப் கப்பக் காணோம். நீங்க எடுத்ததா ரெண்டு பேர் சொல்றாங்க.”

“எந்த ரெண்டு பேரு?”

லோர்னா வாயால் சொல்லவில்லை. ஆனால் அவர் கண் ஒரு கணம் கூட்டத்தில் என்னைத் தேடித் தொட்டுவிட்டுப் போனது. கார்த் அந்தக் கண் போன பாதையிலேயே திரும்பி என்னைப் பார்த்தான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை, ஒரே அடியாக.

“லோர்னா! அது பந்து! நான் சொன்னது பந்து!”

கார்த்தை ஏற்றிய காரின் கதவு மூடிவிட்டது. கையில் கறிப்பொட்டலத்தோடு நடுத்தெருவில் நின்று பந்து, பந்து என்று கத்துகிறவனைப் பார்த்துக் கறிக்கடைக்காரர் கேட்டார், “என்ன பந்து, சாம்?”

8

என் வண்டியை அவ்வளவு வேகமாக நான் ஓட்டியதே இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் கிளைவ் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஸ்பெயின் வெயில் உரித்த தோல். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தட்டியது பந்தை, கப்பை அல்ல. நான் கேட்டது மட்டைச் சத்தத்தை, அலமாரிச் சத்தத்தை அல்ல.

கிளைவ் யோசித்தார். கார்த்தைப் பற்றி என்று நினைத்தேன்.

“அப்ப அவன் அவுட்டா?” என்றார் மெதுவாக. “அவுட்டுன்னா... நாம ஜெயிக்கவே இல்லியே சாம்? ஞாயித்துக்கிழமை ஃபைனல் இருக்கு. அப்பர் டென்லிக்காரன் காதுல விழுந்தா நாறடிச்சிருவான். இங்க பாருங்க, தப்பாக் கேட்டுட்டேன்னு மட்டும் எழுதிக் குடுங்க. பந்தப் பத்தி எழுத்துல வேணாம்.”

(இந்த இடத்தில் கதாசிரியனுக்கு ஒரு வசதி உண்டு. தன்னை வீரனாக்கிக்கொள்ளலாம். ‘நான் சீறி எழுந்தேன்’ என்று ஒரு பிரதி எழுதியும் பார்த்தேன். நடந்தது அதுவல்ல. பேனாவை வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் வெற்றுத்தாளைப் பார்த்தேன். என் மாதிரி வெளியிலிருந்து வந்தவன் இங்கே அம்பயராக இருப்பது சாதாரணப் பெருமை அல்ல. உண்மையை எழுதினால் அது அந்த எழுத்தோடு போய்விடும்.)

பிறகு எழுதினேன்: கார்த் சக்டன் பந்தைத் தொட்டதாக எனக்குக் கேட்டது. நான் அவுட் கொடுக்கவில்லை. காவலரிடம் நான் சொன்னது இதை மட்டுமே. கப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கையெழுத்து.

கிளைவ் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

லோர்னா தாளைப் படித்தார். “நீங்க சரி, சாம். ஆனா பெரில் செய்தி அப்படியே இருக்கே. கப்பும் இன்னும் காணோம்.”

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. திறந்தது என்பது போதாது. சுவரில் மோதி, திரும்பி வந்து, மறுபடி மோதியது. பெரில்! விட்பி பஸ்ஸிலிருந்து கறிக்கடை வாசலில் இறங்கியிருக்கிறார், சேதி கேட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறார், அங்கிருந்து நேராக இங்கே. கையில் காய்கறிப் பை. அதைக் கிளைவின் மடியில் கவிழ்த்தார். வெள்ளிக் கோப்பை, வினிகர் சொட்டச் சொட்ட.

“என் சிங்க்குல கிடந்துச்சு! சனிக்கிழமையிலிருந்து வினிகர்ல ஊறப்போட்டு வெச்சிருக்கேன். உள்ள பாதி சிப்ஸ் ஒட்டியிருந்துச்சு, ஃபைனலுக்கு அப்படியேவா கொண்டுபோறது?”

“நீதான பெரில், கார்த் நிக் பண்ணிட்டான்னு...”

“மேட்ச்ச! மேட்ச்சடா மடையா! ஆறு வயசுல உனக்குக் கஸ்டர்ட் ஊத்தினவ நான், கிளைவ் மர்கட்ராய்ட். அப்பவும் உனக்கு ஒரு தடவ சொன்னா ஏறாது.”

லோர்னா மேசைமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா என்று அவரிடம் கேட்கக்கூடாது, காவல்துறை.

பெரில் சிரிக்கவில்லை. “எங்க என் புள்ள?” என்றார்.

9

கார்த்தை வெளியே விட்டார்கள். உள்ளே வைக்கும்போது பெல்ட்டையும் ஷூ நாடாவையும் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். பிளாஸ்டிக் பையில் திருப்பிக் கொடுத்தார்கள். அவன் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து நாடாவைக் கோக்க ஆரம்பித்தான். லோர்னா மன்னிப்புக் கேட்டார், தலையசைத்தான். கிளைவ் இருமினார்; அதற்கும் தலையசைத்தான். பெரில் அவன் தலையைத் தடவிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மற்ற இருவரையும் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நானும் அவனும்.

“கார்த், அவ கேட்டப்ப நான் பந்துன்னு நெனச்சுதான்...”

“தெரியும். லோர்னா சொல்லிட்டா.” ஒரு துளையில் நாடாவை விட்டு இழுத்தான். “ஒண்ணே ஒண்ணு சொல்லு சாம். நிக் பண்ணினானான்னு அவ கேட்ட உடனே, பந்து மட்டுந்தான் தோணுச்சா?”

கதையின் மிகச் சின்னக் கேள்வி. இதற்கு மூன்று பதில் எழுதிப் பார்த்தேன்.

‘பந்து மட்டும்தான்.’ நல்லவனின் பதில். பொய்.

‘நீ அப்படிப்பட்டவன் இல்லன்னு எனக்குத் தெரியாதா?’ கெட்டிக்காரனின் பதில். கேள்விக்குப் பதிலே இல்லை.

மூன்றாவது, நான் உண்மையில் சொன்னது:

“முதல்ல பந்து. அப்புறம் அவ ‘ஏன் அப்பவே சொல்லல’ன்னு கேட்டப்ப, போலீஸ் எதுக்கு ஒரு பந்துக்காகப் போன் பண்ணுதுன்னு ஒரு நொடி உறுத்துச்சு. மத்த அர்த்தமும் தோணுச்சு. எதன்னு கேட்டிருக்கலாம். கேக்கல. சொல்லி முடிச்சிட்டாப் போதும்னு இருந்துச்சு.”

கார்த் இரண்டாவது ஷூவையும் முடித்தான். முடிச்சை இழுத்துப் பார்த்தான். எழுந்து நின்றான். என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்:

“ரைட்.”

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். பந்து மட்டையில் பட்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை அன்றோடு போயிற்று.

10

அவ்வளவுதான் நடந்தது. நாளை மதியம் ஒரு மணிக்கு ஃபைனல். அப்பர் டென்லி எழுத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அம்பயர் சொன்னது சொன்னதுதான் என்று அவர்கள் கேப்டன் பெரிலிடம் போனில் கத்திவிட்டு வைத்துவிட்டாராம். நாளையும் நானே நிற்கவேண்டும் என்று பெரில் உத்தரவு. ஆட்டக்காரர் பட்டியலில் முதல் பெயர் கார்த்துடையது. அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. நான்கு நாளாகக் கூரையில் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்கிறது.

இங்கே ரைட் என்றால், சரி, புரிந்தது என்று அர்த்தம். இதோடு விடு என்றும் அர்த்தம். இருக்கட்டும், உன்னைப் பிறகு கவனிக்கிறேன் என்றும் அர்த்தம். கிளம்புகிறேன் என்பதற்கும் அதுதான். உன்னைப் பற்றி நினைத்தது சரியாகத்தான் போயிற்று என்பதற்கும் அதுதான். எக்ஸ்ரே எடுப்பவன் நான். ஒருவனுக்குள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. அந்த ஒரு சொல்லுக்குள் என்னால் பார்க்க முடியவில்லை.

நாளை மாலைவரை பொறுத்திருந்தால் முடிவோடு எழுதியிருக்கலாம். வேண்டுமென்றேதான் இன்றே எழுதுகிறேன். அவன் வந்து ஆடிவிட்டால், அந்த ‘ரைட்’டை மன்னிப்பு என்று எழுதிவிடுவேன். வராவிட்டால் கதவடைப்பு என்று எழுதிவிடுவேன். இரண்டும் நான் வைக்கும் முற்றுப்புள்ளி, அவன் வைத்ததல்ல.

அதனால் உங்களிடம் தருகிறேன். படித்துக்கொண்டிருக்கிற இடத்திலேயே, பக்கத்தில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை, ‘ரைட்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்களைக் காட்டிக்கொடுத்த ஒருவன் எதிரில் நிற்கிறான். உண்மையைச் சொல்லிவிட்டான், தாமதமாக. நீங்கள் இப்போதுதான் ஷூ நாடாவைக் கட்டி முடித்து நிமிர்கிறீர்கள்.

சொல்லுங்கள்.